பன்னிரண்டு மணி மேசை

பனிமலைகளின் பேரரசியே, என் மருமகளே,

நம் வெர்மான்ட் பனிச்சறுக்குப் பயணத் திட்டம் தயார். காலையில் வானத்தை முட்டும் பான்கேக் அடுக்கு, மேலே மேப்பிள் பாகு அருவியாக. பகலில் குதிரை இழுக்கும் பனிவண்டி. மாலையில் படகு விடுமளவு உருக்கிய பாலாடைக்கட்டி. சறுக்குவதா என்பதை உன் முழங்கால் முடிவு செய்யட்டும்.

அந்த முழங்கால். போன வருடம் நடுமலை விடுதியில் சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்த பன்னிரண்டு மணி மேசை தவறிவிடக் கூடாதென்று, தேர்ந்தவர்கள் மட்டும் இறங்கும் கறுப்புக்குறிச் சரிவில் உன்னை இறக்கினேன். "நீலக்குறிதான், கைக்குழந்தைகூட இறங்கும், வாடி!" என்று புளுகினேன். பாதியில் விழுந்தாய்.

மீட்புக்காரர் படிவத்தோடு குனிந்து, "இந்தச் சரிவுக்கு யாரும்மா கூட்டிட்டு வந்தது?" என்றார். என்னைப் பார்த்துவிட்டு, "நானாத்தான் வந்தேன்" என்றாய். மூன்று கரடிகளை ஒற்றைக் கையால் விரட்டிய உன் மாமா, தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"திமிரெடுத்தவ" என்று உன் அம்மா உன்னைச் சறுக்கு அணியிலிருந்தே நிறுத்தினாள். அப்போதும் நான் வாய் திறந்தது சூப் குடிக்கத்தான்.

இன்று அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"பத்து மாசமா புள்ளைய திட்டினேன், பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தியே, நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்றாள்.

உன்னை மறுபடி அணியில் சேர்க்கிறாள். உன்னிடம் மன்னிப்பும் கேட்பாள். கொஞ்சம் அழுவாள், அழட்டும்.

இந்த முறை பன்னிரண்டு மணி மேசை இரண்டு பேருக்குத்தான் சொல்லியிருக்கிறேன், உனக்கும் அவளுக்கும்.

இப்படிக்கு,
பயந்தாங்கொள்ளி மாமா