நான் மூடிய ஓடை வளைவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், கோபித்துக்கொள்ளாதே. ஒரு வரி மேலே ஏறும், அடுத்தது கீழே சரியும், நடுவில் மை திட்டுத் திட்டாக இருந்தால் அது நான் யோசித்த இடம். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், முட்டி மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா. இத்தனை வருடம் நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதிய கடிதங்களைத்தான் நீ படித்தாய், இது என் கையாலேயே எழுதுவது. நேற்று மதியம் தொடங்கி இன்று மதியம் இந்த வரிக்கு வந்திருக்கிறேன். எழுபத்தொரு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட சந்தோஷம் எனக்குத் தாங்கவில்லை. மருந்துச் சீட்டு, பேருந்துப் பலகை, சோப்பு உறை எதையும் விடுவதில்லை, சத்தமாகப் படிக்கிறேன், அம்மா காதைப் பொத்திக்கொள்கிறாள்.

நூலக மாடியில் எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிற அதே அறையில்தான் ஓடைக் குழுவும் கூடுகிறது. பாடம் முடிந்து எழுந்திருக்கச் சோம்பல்பட்டு உட்கார்ந்திருந்தேன், அப்படியே அதிலும் சேர்ந்துவிட்டேன். நீளக் குழாயில் ஓடைத் தண்ணீரை ஊற்றி, அது எவ்வளவு கலங்கல் என்று அறிய, அடியில் இருக்கும் கறுப்புக் கோடு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். எந்தச் செடியின் வேர் கரையைப் பிடித்து நிறுத்தும் என்று காட்டுகிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவர் வயலுக்கே போய்ப் பார்ப்போம். உன் மாமாவும் வருகிறார். பதிவேட்டில் நான் பெயர் எழுதும்போதெல்லாம், அத்தான் கையெழுத்துப் போட்டு முடிக்கிறதுக்குள்ள ஓடை வத்திடும்யா என்று எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்குகிறார்.

போன மாதம் நம் வயலின் முறை. ஓடை ஏன் மாமாவின் நாற்றுப்பண்ணைக் கரையை மட்டும் இப்படி அரிக்கிறது என்று கண்டுபிடிக்க வந்தோம். குழுவை நடத்தும் பெண்மணி ஒரு பழைய வரைபடத்தை விரித்தார். எனக்கு ஆசை பொறுக்கவில்லை, நான் படிக்கிறேன் என்று முந்திக்கொண்டு போய், விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, ஓடை வளைவு என்று உரக்கப் படித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். சத்தம் அடங்கிய பிறகுதான் என் விரல் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். நம் அவரைப் பந்தலுக்கு நட்டநடுவில் நின்றது. அங்கேயே மண் துளைக்கும் கம்பியை இறக்கினார்கள். இரண்டு முழம் கறுப்பு மண், அதற்குக் கீழே மணலும் நத்தை ஓடுகளும். ஓடை இங்கதானே ஓடியிருக்கு, யார் மூடினது என்று அந்தப் பெண்மணி கேட்டார். நான் குனிந்து கம்பியில் ஒட்டிய மண்ணைத் துடைத்தேன். மாமா ஒரு நத்தை ஓட்டை விரலில் உருட்டிக்கொண்டே, எந்தக் காலத்து வெள்ளமோ என்றார்.

எந்த வெள்ளமும் இல்லை என்று உனக்குத் தெரியும். அப்போது உனக்குப் பதினோரு வயது. மாமா வெளியூர் வேலைக்குப் போயிருந்தார், அம்மா அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தாள். வயல் சதுரமாக இருந்தால் உழ வசதி என்று மண் அள்ளும் வண்டியைக் கூப்பிட்டு, இரண்டே நாளில் வளைவை மூடி ஓடையை நேராக வெட்டினேன். வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நீ, தண்ணிக்கு வழி தெரியாமப் போயிடாதாப்பா என்று கேட்டாய். அடுத்த வாரமே பெருமழை. வளைவில் தயங்கித் தயங்கி வந்த தண்ணீர் நேராகப் பாய்ந்து மாமாவின் கரையில் மோதி, அவர் கொட்டகையையும் அத்தனை நாற்றையும் வாரிக்கொண்டு போனது. ஓடையை வெள்ளம்தான் திருப்பிவிட்டது, யார் கேட்டாலும் அப்படியே சொல்லு என்று உன்னை மிரட்டி வைத்தேன். அதன் பிறகு நீ மாமா வீட்டுப் பக்கமே போகவில்லை. கேட்டவர்களிடம், அவளுக்குப் படிப்புத் தலைக்கேறிவிட்டது என்று நானே உன்னைக் குறை சொன்னேன். இப்போதும் ஊருக்கு வந்தால் இரண்டாம் நாளே நீ பெட்டியைக் கட்டுவது எதனால் என்று தெரிந்தும், தெரியாதவன் போல இருந்தேன். அம்மா கையால் எழுதும் கடிதத்தில் இதை எப்படிச் சொல்வேன். மாமா அவள் தம்பியல்லவா.

வரைபடம் படித்த அன்று சாயங்காலம் மாமாவிடம் போனேன். நாற்றுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த வரிசையைக் கடைசி வரை தெளித்துவிட்டு, தெரியும் அத்தான் என்றார். ஊர் வந்ததுமே புள்ளையக் கேட்டேன், வெள்ளம்தான் மாமான்னு சொல்லிட்டு ஓரமாப் போய் வாந்தி எடுத்துச்சு, உங்ககிட்ட சண்டைக்கு வந்தா அவளைத்தானே மறுபடி பொய் சொல்ல நிறுத்துவீங்க, அதான் விட்டுட்டேன் என்றார். கொட்டகையை ஆறு மாசத்துல கட்டிட்டேன், அவ வராம இருந்ததுதான் எனக்கு ஆறலை என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பெற்ற நான் உன் தலையில் ஏற்றி வைத்த சுமை, அவர் கண்ணுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சோற்றை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மூன்றாம் நாள் பேனாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, முதல்ல புள்ளைக்கு எழுதுங்க, அப்புறம் என்கிட்ட பேசலாம் என்றாள்.

வரும் சனிக்கிழமை குழுவோடு சேர்ந்து வளைவைத் திறக்கிறோம். அவரைப் பந்தல் போகும், போகட்டும். சம்மதத் தாளில் ரேகை வைக்காமல் முழுப் பெயரையும் எழுதினேன். மாமா பக்கத்திலேயே நின்றார், அன்று கேலி பேசவில்லை. மகளே, இனி நீ எதையும் மறைக்க வேண்டாம். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறக்காமல் மாமாவுக்கு ஒரு போன் போடு, காலையில் தண்ணீர் தெளித்து முடித்து ஏழு மணிக்குச் சும்மாதான் இருப்பார், அவர் எதுவும் கேட்கமாட்டார். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். தண்ணீருக்கு வழி தெரியாமல் போய்விடாதா என்று அன்றைக்குக் கேட்டாயே, நான் பதிலே சொல்லவில்லை. சனிக்கிழமை கரையில் நின்று பார்த்துவிட்டு, அடுத்த வாரம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதிய
உன் அப்பா