சட்டையில் இருந்த வாடை

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். இது இறந்துபோன என் அண்ணனுக்கு எழுதியது. எங்கள் அப்பாவின் கண்ணில் மட்டும் படவே கூடாது.

என் ஆசை அண்ணே,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. அப்பா உனக்காக ஒரு பூசைகூட வைக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தி வாங்கியது; எங்களை மட்டும் அவர் அந்தப் பக்கம் விடவில்லை. "குடிச்சிட்டுச் செத்தவனுக்கு விளக்கு எதுக்கு?" என்றார். ஆஸ்பத்திரியில் உன் சட்டையை அவர் கையில் கொடுத்தபோது சாராய வாடை அடித்ததாம். உன் முதலாளி அந்தச் சீனத் தவுக்கேயின் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். ஒருவேளை இருக்குமோ என்று நானும் நினைத்தேன். அதற்கும் என்னை மன்னித்துவிடு.

நீ கடைசியாக ஓட்டிப்போய் மோதிய அந்தக் காரைத் தவுக்கே பழுது பார்த்துவிட்டார். முன்பக்கத்தை நிமிர்த்திப் புதுச் சாயம் பூசியிருக்கிறார்கள். நம் வரிசையில் கடைசி வீட்டுச் சவரிமுத்து அண்ணன்தான் இப்போது டிரைவர். இன்று மத்தியானம் காரை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு அவர் புலம்பிக்கொண்டிருந்தார். பிரேக்கை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதிப்பதுபோல் கால் அடிவரைக்கும் போகிறதாம்.

ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறமும் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரம் இல்லை. பிறகு உள்ளே உட்கார்ந்து மூன்று முறை வேகமாக மிதித்தார். மிதி மேலே ஏறி நின்றது; கொஞ்ச நேரம் விட்டு மிதித்தால் மறுபடியும் பஞ்சு. "ஒழுகல் ஒண்ணும் இல்ல. குழாய்க்குள்ள காத்து பூந்திருக்கு," என்றார்.

காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். அவர் மனைவி மேரி அக்காவுக்கு எட்டு மாதம், ஏறி உட்கார முடியாது. என்னைக் கூப்பிட்டார்கள். அதே ஆசனம், அதே மிதி. ஏறி உட்கார்ந்தேன் அண்ணே.

சக்கரத்துத் திருகாணியில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனையை எண்ணெய் இருந்த போத்தலுக்குள் விட்டார். நான் மிதிக்க வேண்டும். அவர் திருகாணியைத் தளர்த்துவார். முடுக்கிய பிறகு "விடு" என்பார். அதற்குமுன் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும். போத்தலில் சோடாபோல் குமிழி குமிழியாக வந்தது. நான்காவது சக்கரம் முடிந்து, குமிழி நின்று, எண்ணெய் மட்டும் வந்தபோது மிதி கல்லாகிவிட்டது. நான் அழுதேன். கால் வலிக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நீ போன அன்றைக்கும் இப்படித்தானே அடியில் படுத்திருந்தாய்? ரப்பர் குழாய் கிடைக்காமல் பால் டின்னை ஏந்திப் பிடித்தாய். எண்ணெய் உன் கையோடு வழிந்து சட்டைக்குள் போனது. கடைசிச் சக்கரத்தின்போது பாடற்குழுப் பிள்ளைகள் தெருவில் போகும் சத்தம் கேட்டது. பிந்திப் போனால் முதல் வரிசையில் என் இடம் போய்விடும். நீ "விடு" என்று சொல்வதற்குள் நான் காலை எடுத்துவிட்டேன்.

நீ ஏறி மிதித்துப் பார்த்தாய். "ரோசி, நடுவுல காலை எடுத்தியா? எடுத்திருந்தாச் சொல்லு, திட்ட மாட்டேன்," என்றாய்.

"இல்லண்ணே," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

நீ நம்பினாய். நான் பாடிக்கொண்டிருந்த நேரமெல்லாம், இல்லாத ஒழுகலை எங்கெங்கே தேடினாயோ? அதற்குள் தவுக்கே வீட்டிலிருந்து ஆள் வந்து அவசரப்படுத்தினானாம். சட்டை மாற்றக்கூட உனக்கு நேரம் கொடுக்கவில்லை. தவுக்கே குடும்பத்தைக் கடற்கரை வீட்டில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, தஞ்சோங் பூங்கா ஊருக்கு அந்தப் பக்கத்து வளைவில் பிரேக் பிடிக்காமல்...

இன்று வேலை முடிந்து சவரிமுத்து அண்ணன் சாப்பிட உட்கார்ந்தார். மேரி அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டார். "பட்டப்பகல்லயே கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்தாச்சா?" என்றார்.

"அட, பிரேக்கு எண்ணெய்லா. ஆமணக்கெண்ணெயில ஸ்பிரிட்டு கலந்திருக்கான். நான் குடிச்சா உனக்கு முதல்ல தெரியாதா?"

அவர்கள் சிரித்தார்கள். நான் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன்.

நேராக அம்மாவின் பெட்டியைத் திறந்தேன். உன் சட்டையைத் துவைக்காமல் அடியில் வைத்திருக்கிறார். வாடை போய்விட்டது. இடது கையில், மணிக்கட்டிலிருந்து அக்குள்வரை மஞ்சளாக எண்ணெய்க் கறை, இன்னும் பிசுபிசுக்கிறது. சாராயம் இப்படியா கறை வைக்கும்?

எண்ணெயை மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடலாமா என்று சாயங்காலம் முழுக்க யோசித்தேன். ஆனால் மிதியை யார் பிடித்தது என்று அவர் கேட்பார். அன்றைக்கு அம்மா கடைக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும்தான். பாதியைச் சொல்ல வழியே இல்லை.

அப்பா என்னை அடிக்கட்டும். உன் பெயரைப்போல என் பெயரையும் சொல்லாமல் விட்டாலும் விடட்டும். நாளைக்குக் காலையில், அவர் வேலைக்குப் புறப்படும் முன்னால், சட்டையை அவர் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். உனக்குப் பூசை வைக்கச் சொல்வேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன்னிடம் பொய் சொன்ன உன் தங்கை,
ரோசி

கதவைத் தட்டுகிறார்கள். "யாருக்கு விளக்கு எரியுது? திற," என்கிறார் அப்பா. சட்டையைப் பெட்டிக்குள் போட நேரம் இருக்கிறது. போடவில்லை அண்ணே. திறக்கிறே...