உள்ளேயும் இரண்டு கோட்டு

ஜனவரி 4

வாலுவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டையாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

18ஆம் தேதி பள்ளியில் அறிவியல் கண்காட்சி. உங்கள் மகள் எரிமலை செய்கிறாள். மலையின் வாயில் சமையல் சோடாவைப் போட்டு வினிகரை ஊற்றினால் நுரை பொங்கி வழியும். பழைய செய்தித்தாளும் பசையும் வைத்து நான் ஒரு மலை செய்து கொடுத்தேன். நேற்று ஊற்றிப் பார்த்தோம். ஊறிப்போய் மேசைமேலேயே உட்கார்ந்துவிட்டது.

"அப்பா செஞ்சா உக்காராதும்மா" என்கிறாள். ஊரெல்லாம் சுவருக்கும் கூரைக்கும் பூச்சு வேலை பார்ப்பவர் நீங்கள். என்னால் மறுக்க முடியவில்லை.

ஒரு மலை செய்து அனுப்புங்கள். முடியாதென்றால் உடனே எழுதிவிடுங்கள். போன பிறந்தநாளுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோனீர்கள். புதுச் சட்டையோடு எட்டு மணிவரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். இதுவும் தவறினால் இனி உங்களிடம் எதையும் கேட்க அவளை விடமாட்டேன்.

வாலுவின் அம்மா


ஜனவரி 13

வாலுவின் அம்மாவுக்கு,

இத்துடன் மலை வருகிறது. லாரி டிரைவர் தெரிந்தவர். கிளீனர் தன் மடியிலேயே வைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உயரம் ஒன்றரை அடி. கம்பி வலைமேல் சிமெண்ட், அதன்மேல் சுவரை வழவழப்பாக்கப் பூசும் அதே வெள்ளைப் பட்டி. வாய் ஒரு டம்ளர் ஆழம். அதற்கு உள்ளேயும் இரண்டு கோட்டு பட்டி பார்த்திருக்கிறேன். மேஸ்திரி சிரித்தார். "உள்ள யாருய்யா எட்டிப் பாக்கப் போறா?" "என் பொண்ணு பாப்பா" என்றேன்.

ஒரு கோட்டு காய ஒரு நாள் வேண்டும். அவசரப்பட்டால் வெடிப்பு விடும். தாமதம் அதனால்தான்.

பிறந்தநாளுக்குச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை. மறந்துவிட்டேன்.

18ஆம் தேதி லீவு கேட்டிருக்கிறேன். அவளிடம் சொல்லாதே.

வாலுவின் அப்பா


ஜனவரி 19

வாலுவின் அப்பாவுக்கு,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மொத்தம் ஏழு எரிமலைகள். நடுவராக வந்த வேதியியல் டீச்சர் நம் மேசைக்கு வந்து நின்றதும் பைக்குள் சோடா பொட்டலத்தைத் தேடினேன். இல்லை. வீட்டில் அடுப்பு மேடைமேலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மருந்துக்கடையில் பதினோரு வருடமாக ஒரு மாத்திரையைக்கூட மாற்றிக் கொடுக்காதவள் நான். மறதி உங்கள் பரம்பரைச் சொத்து என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தவளும் நான்தான்.

வாலு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டீச்சரிடம், "சும்மா ஊத்திக் காட்டுறேன் டீச்சர். பொங்குதுன்னு நீங்களே நினைச்சுக்கங்க" என்று வினிகரை ஊற்றினாள்.

பொங்கியது! மற்ற மலைகள்போல் சீறிக்கொண்டு அல்ல. உள்சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பி, பொறுமையாக விளிம்புவரை நுரை ஏறியது.

"சோடா எப்ப போட்டே?"

"போடலியே டீச்சர்."

"அப்புறம் எப்படி?"

வாலு விரலை விட்டு உள்ளே சுரண்டிப் பார்த்தாள். "எங்கப்பா உள்ளயும் பட்டி பாத்துட்டாரு. அதுல சுண்ணாம்புக்கல் பொடி இருக்கு. அதுதான் வினிகர் பட்டதும் நுரைக்குது." நீங்கள் கொண்டுவரும் பட்டி மூட்டையில் அச்சிட்டிருப்பதை எழுத்துக்கூட்டித்தானே அவள் படிக்கவே கற்றாள்.

"மத்த ஆறு பேரும் மனப்பாடம் பண்ணினதைச் சொன்னாங்க. நீ கண்டுபிடிச்சுச் சொல்றே" என்றார் டீச்சர். முதல் பரிசு காற்றாலை செய்த பெண்ணுக்குப் போனது. ஆனால் பள்ளி ஆய்வகத்தில் வைத்துக்கொள்ள டீச்சர் கேட்டு வாங்கியது நம் மலையை மட்டும்தான்.

செருப்பெல்லாம் சிமெண்டோடு ஒருவர் ஜன்னல் வழியாகக் கடைசிவரை பார்த்துவிட்டுப் போனதாக வாட்ச்மேன் சொன்னார். மலைக்கும் நன்றி, வந்ததற்கும் நன்றி. உள்ளே ஏன் வரவில்லை?

வாலுவின் அம்மா


ஜனவரி 23

வாலுவின் அம்மாவுக்கு,

உள்ளே வரத்தான் கால் எடுத்து வைத்தேன். அப்போதுதான் நீ பையைத் துழாவினாய். உன் முகத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் எதிரே வந்து நின்றால் குத்திக்காட்டுவதுபோல் இருக்கும் என்று நின்றுவிட்டேன். பிறகு நீங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அதற்குள் நுழைய எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வாய்க்குள் பட்டி பார்த்தது உண்மையில் தப்பு. சோடாவுக்கு இடம் குறையும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கைப்பழக்கம்.

நன்றி சொல்ல வேண்டியவன் நான். அவளை என்னிடம் கேட்க விட்டாயே, அதற்கு.

வாலுவின் அப்பா


ஜனவரி 27

என்னங்க,

சமையலறைக் கூரையில், அடுப்புக்கு நேர்மேலே, ஈரம் ஏறிப் பூச்சு பெயர்ந்து கிடக்கிறது. வாலு ஸ்டூல்மேல் ஏறி அளந்துவிட்டாள். நான்கு அடிக்கு மூன்று அடி. "அப்பாவை நாலு கோட்டு அடிக்கச் சொல்லும்மா" என்கிறாள்.

ஒரு கோட்டு காய ஒரு நாள் வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தகுந்தபடி துணிமணி எடுத்துக்கொண்டு வாருங்கள். அவசரம் வேண்டாம். வெடிப்பு விடும்.

வரும் சனிக்கிழமை. இந்த முறை அவளிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டிலிருந்து,
நான்