நொய்யல் கரைக்கு உங்கள் வீட்டுக்காரர் வந்த ஞாயிறு

அன்புள்ள சரசு அக்காவுக்கு,

போன ஞாயிறு மறுபடி ஆற்றோரம் நடக்கப் போனோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அழுதுகொண்டு எழுதும் கடிதம் இல்லை. எனக்கு அது வராது, உங்களுக்கே தெரியும்.

நீங்கள் கண் மூடிய பிறகு நம் வாட்ஸ்அப் குழுவில் பல நாள் சத்தமே இல்லை. வாய் ஓயாத பிரேமாகூட ஒன்றும் போடவில்லை. பிறகு அவளே கேட்டாள்: "ஏனுங்க, நடைய நிறுத்திப்போடறதா, என்ன பண்றது?" நான் 'போகலாம்' என்று போட்டேன். அந்த ஒரு வார்த்தையோடு எல்லோரையும் கூட்டிப்போகும் உங்கள் வேலை என் தலையில் வந்து விழுந்துவிட்டது.

சிங்காநல்லூரில் பஸ் ஏறிப் பேரூர் வந்து சேர்ந்தேன். பிரேமாவும் மற்றவர்களும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். சற்றுத் தள்ளி, வேட்டியும் புத்தம்புது கேன்வாஸ் ஷூவுமாக ஒருவர் நின்றார். துக்கம் கேட்க உங்கள் வீட்டுக்கு வந்த அன்று ஒரே ஒரு தடவை பார்த்த முகம். உங்கள் வீட்டுக்காரர்.

"பொம்பளைங்க மட்டும் போறதுன்னு தெரியுமுங்க. ஒரு நாளைக்கு நானும் வாரேன். பின்னாடியே வந்துக்கறேன்" என்றார்.

எனக்குப் பிடிக்கவில்லை, அக்கா. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. "வாங்கண்ணா" என்றேன்.

மேற்கே மலையில் மழை பெய்ததால் ஆற்றில் தண்ணீர் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. கரையில் ஈரம் இருந்தாலும் பாதை நன்றாகவே இருந்தது. நடக்கத் தெரிந்த குழந்தைகூட நடந்துவிடும் என்று சொல்லித்தானே எங்களையெல்லாம் கூட்டிவந்தீர்கள்? அவருக்கு அது சுலபமாக இல்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வந்தார். பிரேமாவை முன்னால் அனுப்பிவிட்டு நான் அவரோடு வந்தேன். தென்னந்தோப்பு முடியும்வரை அவர் நின்ற இடத்திலெல்லாம் நானும் நின்றேன்.

தடுப்பணை மேட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். அவர் மூச்சு வாங்கியபடி கேட்டார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கோணும். சரசு இங்க வந்தா என்னையப் பத்தி என்ன பேசுவா?"

இத்தனை வருடத்தில் நீங்கள் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நல்லதாக ஏதாவது ஜோடித்துச் சொல்லியிருக்கலாம். பிரேமா அதற்குத்தான் வாயெடுத்தாள் என்று நினைக்கிறேன். நான் முந்திக்கொண்டேன்.

"ஒண்ணும் பேசுனதில்லீங்கண்ணா. ஊட்டுப் பேச்சே எடுக்கமாட்டாங்க."

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரேமா என்னை முறைத்தாள். அவர் கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே, "செரிங்க" என்றார். "அப்ப நீங்கதான் பாவம். உங்க எல்லாரையும் எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் என்னையத் தெரியாமப் போச்சு."

எங்களுக்குப் புரியவில்லை. அவர் பிரேமாவைப் பார்த்தார். "ஆத்துல நீந்துன நாமக்கோழியப் பாத்து வாத்துன்னு சாதிச்சது நீங்கதானுங்க?" பிரேமாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க கடைசியில வர்ற விமலா. பேசவே மாட்டீங்க, சிரிக்க ஆரம்பிச்சா நிறுத்தமாட்டீங்கன்னு சொல்லுவா."

என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் சோத்தப் போட்டுப்போட்டு ஆத்துக் கதை பூராவும் சொல்லுவா. முட்டி நோவுன்னு நான் எங்கயும் போறதில்லீங்க. இந்த மேடுகூட அவ சொல்லித்தான் தெரியும்" என்றார்.

எங்களை வீட்டுக்குக் கொண்டுபோன நீங்கள், வீட்டை ஏன் எங்களிடம் கொண்டுவரவில்லை? சொல்ல அங்கே ஒன்றும் இல்லையா? இல்லை, எங்களோடு நடக்கும் அந்தக் கொஞ்ச நேரமாவது தனியாக இருக்கட்டும் என்று நினைத்தீர்களா? அவரிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. உங்களிடம் கேட்க வழியில்லை.

திரும்பும்போது பிரேமா அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டாள். தன் மருமகள் கதையை ஆரம்பித்து ரோடு வரும்வரை விடவில்லை. அவர் 'உம்' கொட்டிக்கொண்டே வந்தார். ஆர்.எஸ்.புரம் போக ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டோம்.

"இனி வரமாட்டேனுங்க. முட்டி ஒத்துக்காது. ஒருக்கா பாத்துப்போடலாம்னுதான் வந்தேன்" என்றார். உட்கார்ந்து வேட்டியைச் சரி செய்தவர், ஆட்டோக்காரரின் முதுகைப் பார்த்தபடி, "இங்க நடக்கறதெல்லாம் இனி எனக்கு ஆரு சொல்லுவாங்க?" என்றார்.

ஆட்டோ கிளம்பிவிட்டது. நான் கையைத் தட்டி நிறுத்தினேன்.

"அண்ணா, உங்க நம்பர் சொல்லுங்க."

அக்கா, இனி ஞாயிறு மத்தியானம் அவருக்கு நான் போன் செய்வேன். உங்கள் அளவுக்குக் கதையாகச் சொல்ல எனக்கு வராது. யார் வந்தார்கள், ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா, பிரேமா யாரோடு சண்டை போட்டாள் என்று தெரிந்தமட்டும் சொல்வேன். போனை வைக்கும் முன்பு, சாப்பிட்டாரா என்றும் கேட்டுக்கொள்வேன்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
விமலா