நம்பர் போட்ட இலுப்பை

கீழப்படுகை
9-1-1973

அன்புள்ள மாமாவுக்கு,

தையல்நாயகி எழுதுவது. நானும் பிள்ளை அம்சமும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். திருச்சி ஜெயிலில் பனி அதிகமா? நான் கொடுத்த போர்வையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இதைப் பிரித்துப் படிக்கும் ஆபீசரும் நன்றாகப் படிக்கட்டும். மறைக்க ஒன்றுமில்லை.

நம் கொல்லையை ஒட்டி வாய்க்கால் கரையில் நிற்கும் இலுப்பையில் ஒரு கிளை ஐப்பசிக் காற்றில் முறிந்து, பாதிக் கூரையைக் கொண்டுபோய்விட்டது. அம்சம் அப்போது எல்லையம்மாள் அக்கா வீட்டில் இருந்ததால் பிழைத்தாள். உங்களுக்குத் தெரிய வேண்டாமென்று அன்றைக்கு எழுதவில்லை.

அது சர்க்கார் நம்பர் போட்ட மரம். அனுமதி இல்லாமல் தொட்டால் கேஸ். அதை வெட்ட அனுமதி கேட்டு, ஐந்தாம் வகுப்பு எழுத்தை வைத்து நானே மனு எழுதிக்கொண்டு போனேன். கிராமக் கணக்குப்பிள்ளை கையில் வாங்கவில்லை. "புருஷன் உள்ள இருக்கான். நீ யாரு மனு போட?" என்றார். "விழுந்தா என் தலையிலதாங்க விழும். நான்தாங்க போடணும்" என்றேன். இரண்டு முறை துரத்தினார். மூன்றாம் முறை, முறிந்த கிளையில் ஒரு துண்டை அக்காவும் நானும் தூக்கிப்போய்த் தாலுகா ஆபீஸ் வாசலில் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டோம்.

தாசில்தார் நேரில் வந்தார். அடிமரத்தில் கம்பியை விட்டார்; உளுத்துக் கிடந்ததால் முழங்கை நீளம் உள்ளே போனது. "மரம் இருக்கட்டுங்க. இவள வேற இடத்துக்கு மாத்திடலாம்" என்றார் கணக்குப்பிள்ளை. "இப்பத்தாங்க எங்க பேருக்கு மனைப்பட்டா வந்துருக்கு. நான் நகந்தா மறுநாளே பண்ணை வேலி வந்துரும். நகர மாட்டேன்" என்றேன். தாசில்தார் மனுவை வாங்கிக்கொண்டு போனார். மார்கழி முதல் வாரம் உத்தரவு வந்தது: வெட்டலாம், கட்டை சர்க்காருக்கு, பதிலுக்கு இரண்டு கன்று நட வேண்டும்.

அன்று சாயந்திரமே பண்ணைக் காரியஸ்தர் வந்தார். குறுவை அறுப்பில் கூலி கேட்டு மறித்தது தப்பு என்று நீங்கள் எழுதிக் கொடுத்து, நாங்கள் மனையையும் விட்டுவிட்டால் கேஸை வாபஸ் வாங்குவார்களாம். முடியாது என்றேன். "அப்ப மரம் வெட்ட ஒரு ஆள் வராது, பாத்துக்க" என்று போனார். சொன்னபடியே ஒரு ஆளும் வரவில்லை. தெருப் பெண்கள் ஒன்பது பேர் கயிறு கட்டி, முறைவைத்து ரம்பம் இழுத்தோம். முந்தாநாள் வாய்க்கால் பக்கமாகச் சாய்த்துவிட்டோம். கையெல்லாம் கொப்புளம். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

காரியஸ்தர் அடுத்து உங்களிடம் வருவார். தாளை நீட்டி, பொங்கலுக்கு வீட்டில் இருக்கலாம் என்பார். அம்சம் அப்பாவைக் கேட்டு அழுகிறாள், நான் இளைத்துப்போனேன் என்றெல்லாம் சொல்வார். அதில் பொய் இல்லை. ஆனாலும் மாமா, கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.

நம் வாசலில் நிற்கும்
உங்கள் தையல்நாயகி