சார்ஜருக்குக் கட்டிய வாழைநார்

மதினி, இன்று காலை லேப்டாப் சார்ஜரிலிருந்து பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தது. கூடவே கருகிய வாழைநார் வாடையும். உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

மத்தியானம் எனக்கு வேலைக்கான நேர்காணல், லேப்டாப்பிலேயே. பேட்டரி எப்போதோ போய்விட்டது. சார்ஜர் இல்லாவிட்டால் திரை எரியாது. அண்ணன் எட்டிப் பார்த்து, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நீங்கள் இருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா உங்கள் வீட்டுக்காரர்?

இந்த வயர் முதலில் பிய்ந்த அன்று நீங்கள் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வாங்கிவந்த மல்லிகையைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் முகத்தைத் தூக்கிவைத்திருந்ததைப் பார்த்ததும் வயரை வாங்கி, நாரால் இறுக்கிக் கட்டினீர்கள். பூக்கட்டும் பழக்கத்தில் நாரை நனைத்துவிட்டீர்கள். செருகியதும் ஒரு பொறி பறந்து சார்ஜர் விளக்கு அணைந்தது. நான் அலற, நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பிறகு எல்லாவற்றையும் வெயிலில் உலர்த்தி, டேப் சுற்றி, அதன்மேல் காய்ந்த நாரால் மறுபடி கட்டினீர்கள். விளக்கு எரிந்தது.

"பூவோ ஒயரோ, பாதில விட்டா அவுந்துரும். முடிச்சப் போட்டுட்டுத்தான் எந்திரிக்கணும்" என்றீர்கள்.

அந்தக் கட்டு நின்றது. நீங்கள்தான் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இன்னும் எனக்கு ஆறவில்லை.

அவனியாபுரம் கடைக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்து, சார்ஜர் பெட்டிக்குள்ளேயே கருகிவிட்டது, புதிதுதான் வாங்க வேண்டும் என்றார். வயரைப் பார்த்து, "என்னக்கா, சார்ஜருக்குப் பூ நாரச் சுத்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"எங்க மதினி கட்டுனது" என்றேன்.

எங்கள் லேப்டாப்புக்குப் பொருந்தும் பின் உள்ள சார்ஜர் அவரிடம் இல்லை. ஷேர் ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போனேன். முதல் கடையில் பின் பொருந்தியது, வோல்ட் கூடுதல். ஒன்றும் ஆகாது என்றார்கள். லேப்டாப்பும் போய்விட்டால் யாரைக் கேட்பது? வேண்டாம் என்று இறங்கி, வெயிலில் கடைகடையாக ஏறி, பழைய பெட்டியிலிருந்த எண்களோடு ஒத்துப் பார்த்து ஒன்றை வாங்கிவந்தேன்.

நேர்காணலுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. ஆனாலும் செருகும் முன் உங்கள் பூக்கூடையிலிருந்து ஒரு நாரை எடுத்தேன். நீங்கள் போனபின் வீட்டில் பூக்கட்டுவது நான்தான். கை தானாகத் தண்ணீர்ச் சொம்புக்குப் போனது. சிரித்துவிட்டேன்.

காய்ந்த நாராலேயே வயரின் கழுத்தில் கட்டிச் செருகினேன். திரை எரிந்தது, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர்கள் கேட்டு முடிக்கும்வரை நான் எந்திரிக்கவில்லை மதினி.