நாலு நாள் இறக்காத கண்ணாடி

இன்று காலை காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேல் வீட்டுப் பெண் நீல நிறத் திரவம் நிறைந்த புட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். "அங்கிள், எவ்ளோ நேரம் வெறும் தண்ணில தொடைப்பீங்க? இத ரெண்டு அடி அடிங்க, பளிச்சுனு ஆயிடும்." அடித்தும் காட்டினாள், நல்லவேளை தரையில். அந்த நெடி மூக்கில் ஏறியது. இதில் அமோனியா இருக்கிறது, கண்ணாடிக்கு நல்லதுதான், ஆனால் வெயில் தடுக்கக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஃபிலிமுக்கு ஆகாது, கொப்புளம் போட்டுவிடும் என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். முதல் உதாரணத்துக்குப் போவதற்குள் அவள் மாடியேறிவிட்டாள். நீ இருந்திருந்தால், "தப்ச்சிக்கினா" என்று சிரித்திருப்பாய்.

எண்ணூர்ப் பக்கத்துக் காற்று திரும்பினால் வண்டிமேல் சாம்பல் படிகிறது, நீ இருந்தபோது படிந்தது போலவே. வண்டியை நிழலுக்குத் தள்ளி, முதலில் தண்ணீரை ஊற்றிச் சாம்பலை ஓடவிடுகிறேன். காய்ந்த துணியால் தேய்த்தால் அந்தச் சாம்பலே உப்புத்தாளாகிவிடும். உள்பக்கம் காய்ச்சல்காரரின் நெற்றியைத் துடைப்பது போலத்தான் துடைக்க வேண்டும். ஈரத்துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று, மேலிருந்து கீழாக. மோதிரத்தைக் கழற்றிவிடுகிறேன். இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும்.

அப்போது தெரியவில்லை. வெயில் பட்டால் உன் கன்னம் சிவந்து தடிக்கும், மறுநாள் விரல் மடங்காது, அதற்கடுத்து சிறுநீரகத்தில் கை வைக்கும் என்று டாக்டர் சொன்ன பிறகு, பழைய வண்டி ஒன்றை வாங்கி, போலீஸ் பிடிக்காத அளவில் ஃபிலிம் ஒட்டினோம். அதை நான் என்ன செய்தேன்? பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறைக் கண்ணாடியைச் சுண்ணக்கட்டித் தூளைக் குழைத்துப் பூசி, செய்தித்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவோம். முப்பத்தோரு வருடப் பழக்கம். அதையே வண்டிக் கண்ணாடியின் உள்பக்கத்திலும் செய்தேன். நான்கு கண்ணாடியிலும் கோடு கோடாக ஆகிவிட்டது. நீ ஏறி உட்கார்ந்து, வெளியே பார்த்து, "இன்னா வாத்தி, மழ பேயுதா?" என்று கேட்டாய். நான் தலையைத் தொங்கப்போட்டதும் இன்னும் கொஞ்சம் குத்தினாய். "பசங்க நோட்ட திருத்துறாப்புல கண்ணாடியயும் திருத்திட்டியா?"

அந்த வெட்கம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. நீ ஆஸ்பத்திரியில் எட்டு நாள் படுத்திருந்தாய். உன்னை வீட்டுக்கு அனுப்புகிற நாளன்று காலையிலேயே ராயபுரத்தில் ஒரு கடையில் பழைய ஃபிலிமை உரித்துப் புதிதாக ஒட்டினேன். ஒட்டியவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், உள்ள ஈரம் கீது. நாலு நாளைக்குக் கண்ணாடிய எறக்காதீங்க. எறக்குனா ஓரம் சுருட்டிக்கும்." நான் அதை மனத்தில் எழுதிக்கொண்டேன். இரண்டாம் முறையும் என் கையால் பாழாகக் கூடாது. நீ மறந்துபோய் இறக்கிவிடப் போகிறாயே என்று, என் பக்கத்துக் கதவில் இருக்கும் பொத்தானை அழுத்தி மற்றக் கண்ணாடிகளை எல்லாம் பூட்டிவைத்தேன்.

கடலோரச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. திருவொற்றியூருக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான், ஆனால் வண்டி நகரவில்லை. நீ கண்மூடிச் சாய்ந்திருந்தாய். திடீரென்று நிமிர்ந்தாய்.

"வாத்தி, தோ பாரு. என் தங்கச்சி."

உன் பக்கத்துச் சாலை ஓரத்தில், இடுப்பில் கூடையோடு, நிற்கிற வண்டிகளுக்கு நடுவே காய்ந்த இறால் விற்றுக்கொண்டு வந்தாள் அவள். ஆறு வருடமாக உன்னோடு பேசாதவள். அவள் மகள் கல்யாணத்துக்கு நீ போகவில்லை. வெயில் பட்டு முகமெல்லாம் வீங்கி, கண் திறக்க முடியாமல் கிடந்தாய், அந்த முகத்தோடு பந்தலில் நிற்க மாட்டேன் என்றாய். அவளோ, "வாத்தியார் பொண்டாட்டி ஆயிட்டா, பொறந்த காத்திவாக்கத்து எறா நாத்தம் இப்ப அவளுக்கு ஆவல" என்று ஊர் முழுக்கச் சொன்னாள். உண்மையைச் சொல்லி அனுப்பலாமே என்று நான் சொன்னபோதெல்லாம், "அவளே வரட்டும்" என்றாய். அன்று அவளே வந்துகொண்டிருந்தாள்.

"கண்ணாடிய எறக்கு."

நான் சொன்னேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. "நாலு நாளைக்கு இறக்கக்கூடாதும்மா. இப்பத்தான் ஒட்டியிருக்கு. புதுசா பூசின சிமெண்டு எப்படி…"

"எறக்கு வாத்தி."

"மை காயாத பேப்பரை மடிச்சா எப்படி ஆகும்? அதுமாதிரிதான் இதுவும். ஞாயித்துக்கிழமை நானே உன்னை அவ வீட்டு வாசல்ல கொண்டுபோய் விடறேன்."

"உதாரணம் போதும். ஞாயித்துக்கெழம நா இருக்கணுமே."

"இருப்ப. அவசரப்படாதே."

உன் பக்கத்துப் பொத்தானை நீ அழுத்தினாய். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாய். அதற்குள் அவள் நம் வண்டியருகே வந்து நின்றுவிட்டாள். வெளியே கொளுத்தும் வெயில். புது ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் அவளுக்குத் தெரிந்தது அவள் முகம் மட்டுமே. குனிந்தாள். முந்தானையால் வியர்வையைத் துடைத்தாள். நெற்றிப் பொட்டு நழுவியிருந்தது, அதை ஒரு விரலால் நகர்த்தி நடுவில் வைத்தாள். உன் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் இடையே ஒரு சாண் இருக்கும். அவள் உன் கண்ணைப் பார்த்துக்கொண்டே பல்லை இளித்து, ஈறில் ஏதோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். அவள் உன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று ஒரு நொடி நீ நம்பிவிட்டாய். நீயும் சிரித்தாய். எட்டு நாளில் முதல் சிரிப்பு.

பிறகு விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினாய். அவள் துள்ளி விலகினாள். துரத்துகிறார்கள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

"இன்னாம்மே தட்ற? என் மூஞ்சி பட்டா உன் கண்ணாடி தேஞ்சிடுமா? ஏசி காத்துலயே குந்திகினு சாவு!"

கண்ணாடியைத் தாண்டி அந்தக் கடைசிச் சொல் நன்றாகவே கேட்டது. நீ கதவுக் கைப்பிடிக்குக் கையை நீட்டினாய். முன்னால் இருந்த லாரி நகர்ந்தது. பின்னால் நின்றவர்கள் விடாமல் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை எடுத்துவிட்டேன். உன் கை கைப்பிடியிலேயே இருந்தது. கொஞ்ச தூரம் போனதும், "அவ வாய் மட்டும் மாறவே இல்ல பாரு" என்றாய். நீ சிரிக்கிறாய் என்று நினைத்து நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தபோதுதான் நீ சிரிக்கவில்லை என்று தெரிந்தது.

வீடு வரும்வரை கைப்பிடியிலிருந்து நீ கையை எடுக்கவில்லை. மறுநாள் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மூச்சு வாங்கியது, ஆம்புலன்ஸ் வந்தது, வழியிலேயே முடிந்துவிட்டது. நான்காம் நாள் உன்னை எடுத்துக்கொண்டு போனோம். ஐந்தாம் நாள் யாரும் இல்லாத நேரத்தில் வண்டியில் உட்கார்ந்து, பூட்டை விடுவித்து, உன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். ஓரம் கொஞ்சங்கூடச் சுருளாமல் வழுவழுவென்று இறங்கியது. அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு வேறில்லை என்று அன்று நினைத்தேன்.

இருந்தது. காரியம் முடிந்து அந்தக் கடைப் பக்கம் போனபோது ஒட்டியவரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர். "அவசரம்னா எறக்கிக்க வேண்டிதான சார்? ஓரம் சுருட்டிகினா இன்னொண்ணு ஒட்டிக் குடுத்திருப்பேன். அர மணி நேர வேல. நாலு நாளுன்றது சும்மா எல்லாருக்கும் சொல்றதுதான்" என்றார். எத்தனை பிள்ளைகளுக்கு, "விதியைப் படிக்காதே, அது எதற்காக இருக்கிறது என்று படி" என்று சொல்லியிருப்பேன். அந்த ஒரு பாடத்தில் நான் தேறவில்லை.

உன் தங்கை சாவுக்கு வந்தாள். உன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். எழுந்து என்னைப் பார்த்து, "கடேசி வரிக்கும் அவளுக்கு என்னப் பாக்கணும்னு தோணலியே மாமா. அவ்ளோ கல்லு மன்சா?" என்று எல்லோர் முன்னும் கேட்டாள். சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் சொல்லவில்லை. நீ கல் மனசுக்காரி என்று ஒரு வருடம் அவள் நம்பியிருந்தாள், நான் நம்பவிட்டேன்.

போன மாதம் உன் வருட நினைவுக்கு வந்தாள். படத்துக்கு முன்னால் ஒரு பொட்டலம் காய்ந்த இறாலை வைத்துவிட்டு, "நாறுதுன்னு சொல்ல இப்ப வாய் இல்ல ஒனக்கு" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கல்யாணத்தன்று உன் முகம் இருந்த நிலையை, லாரி வரிசையை, நான் இறக்காத கண்ணாடியை. அவள் என்னைத் திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னப் பாத்தாளா?"

"பார்த்தா."

"கிட்டக்கயா?"

"ஒரு சாண்."

"நா இன்னா பண்ணிகினு இருந்தேன்?"

"பொட்டைச் சரி பண்ணின."

வெகு நேரம் புடவை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நா எதுனா சொன்னேனா மாமா? வண்டிக்காரங்கள நா சும்மா வுட மாட்டேன். வாய்க்கு வந்தத திட்டிடுவேன். தெனம் எத்தினியோ வண்டி, எனுக்கு நெனப்பில்ல. அவள எதுனா சொன்னேனா?"

"இல்லம்மா. ஒண்ணும் சொல்லல. கண்ணாடியைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போன. அவளும் சிரிச்சா."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அது போதும்" என்று பலமுறை சொன்னாள். போகும்போது என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்கும் உனக்கும் நடுவில் கண்ணாடியைப் பூட்டிவைத்த கை அது.

அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். நீ உன் பங்கை மூன்று நாளில் சுமந்து முடித்துவிட்டாய். மீதி என்னிடம் இருக்கிறது. அவள் இருக்கும்வரை அதை யாரிடமும் சொல்ல மாட்டேன், ஒரு உதாரணத்துக்குக்கூட.